தோற்கும் அணி, தவிக்கும் மேனேஜர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் ஆதரிக்கும் கால்பந்து கிளப் தொடர்ந்து ஆறு ஆட்டமாக ஜெயிக்கவில்லை. புள்ளிப்பட்டியலில் 17-வது இடம். மைதானத்திலேயே 'மேனேஜரைத் தூக்கு', அதாவது தலைமைப் பயிற்சியாளரை நீக்கு என்று கோஷம் கிளம்பிவிட்டது. இனியும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

பதில்: அந்த 'ஆறு ஆட்டம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு நடுத்தர அணியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆட்டத்திலும் அது ஜெயிக்க 35 சதவீதம் வாய்ப்பு, டிரா செய்ய 27, தோற்க 38. இப்படிப்பட்ட அணி 38 ஆட்டங்களில் சராசரியாக 50 புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1) எடுக்கும். 50 புள்ளி எடுத்த மேனேஜரை யாரும் திட்டுவதில்லை. இதே அணி குறிப்பிட்ட ஆறு ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.65-ஐ ஆறு முறை பெருக்குங்கள். ஏழரை சதவீதம் வரும். குறைவுதான். ஆனால் 38 ஆட்டம் கொண்ட சீசனில் எங்காவது ஓரிடத்தில் இப்படி ஒரு வறட்சி வந்துபோக வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். மேனேஜர் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும், நன்றாக ஆடும் நடுத்தர அணிக்குக்கூட இது வரத்தான் செய்யும்.

ஆகவே எத்தனை ஆட்டம் தோற்றது என்பதைவிட எப்படித் தோற்றது என்று பாருங்கள். அதற்கு இன்று கைவசம் இருக்கும் நல்ல அளவுகோல் எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்ப்பு கோல். அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று, தூரம், கோணம், தலையா காலா என்பதையெல்லாம் வைத்து 0-வுக்கும் 1-க்கும் இடையே ஒரு மதிப்பு தருவார்கள். பெனால்டிக்கு சுமார் 0.78. பாக்ஸுக்கு, அதாவது கோல் முன்னால் உள்ள பெனால்டி கட்டத்துக்கு, வெளியே இருந்து அடிக்கும் ஷாட்டுக்குப் பெரும்பாலும் 0.05-க்கும் கீழே.

கடைசி 10 முதல் 12 ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெனால்டிகளைக் கழித்துவிடுங்கள். உங்கள் அணி உருவாக்கிய எக்ஸ்ஜியிலிருந்து எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்ததைக் கழியுங்கள். பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால், ஆட்டம் சரியாகத்தான் இருக்கிறது, முடிவுதான் சறுக்குகிறது. ஆட்டத்துக்கு 0.5-க்கு மேல் மைனஸில் போனால் கவலைப்பட வேண்டியதுதான். ஐந்து ஆட்டத்தை வைத்து மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒரு சிவப்பு அட்டை, மான்செஸ்டர் சிட்டி போன்ற பலமான அணியோடு ஓர் ஆட்டம் போதும், எல்லாம் கோணலாகிவிடும். அந்த ஆறு ஆட்டத்தில் யார் யாரோடு மோதினீர்கள், எத்தனை வெளியூர் ஆட்டம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

காத்திருந்து பலன் கண்ட கிளப் உண்டா என்றால், உண்டு. ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்ட், 2014-15. யூர்கன் க்ளாப்பின் அணி பாதி சீசனில், 17 ஆட்டத்தில் வெறும் 15 புள்ளியோடு 18 அணிகளில் 17-வது இடத்தில் இருந்தது. பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க்கிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றபோது கடைசி இடத்தில் கிடந்தது. கிளப் அவரைத் தொடவில்லை. அடுத்த 17 ஆட்டத்தில் 31 புள்ளி. ஏழாவது இடத்தில் முடித்தார்கள். கிரகாம் பாட்டர் மேனேஜராக இருந்த இங்கிலாந்து கிளப் பிரைட்டனும் அப்படித்தான். 2020-21-ல் வாய்ப்புகளை உருவாக்குவதில் மேல்வரிசை அணிகளோடு நின்றும், கோல் விழாமல் 41 புள்ளியோடு 16-வது இடம். அவரையே வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு 51 புள்ளி, ஒன்பதாவது இடம்.

கேள்வி: கணக்கெல்லாம் சரி. ஆனால் புது மேனேஜர் வந்த உடனே அணி ஜெயிக்கிறதே! கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறீர்களா?

பதில்: பார்த்தது பொய்யில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் பிழை. மேனேஜரை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் வழக்கமான தரத்தைவிடக் கீழே விழுந்து கிடக்கும்போது. அதிர்ஷ்டமும் தரைதட்டி நிற்கும் நேரம் அது. அங்கிருந்து அணி தன் சராசரிக்குத் திரும்புவது இயல்பு. யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் திரும்பும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மருந்தை மாற்றினால், இறங்குகிற காய்ச்சலுக்குப் புது மருந்து பெயர் வாங்கிக்கொள்வதைப் போல.

இதை நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் அந்நாட்டு முதல்நிலை லீகின் 1986 முதல் 2004 வரையிலான தரவில் சோதித்துப் பார்த்தார். மேனேஜரை நீக்கிய அணிகளோடு, அதே அளவு சரிவைச் சந்தித்தும் நீக்காத அணிகளை ஒப்பிட்டார். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன. நீக்கியதால் தனியாக ஒரு லாபம் கிடைத்ததற்குச் சான்று இல்லை.

அதற்காகப் புது ஆளால் எதுவுமே நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. இடம் நிச்சயம் என்று இருந்தவர்கள் ஓட ஆரம்பிக்கிறார்கள். புதியவர் பெரும்பாலும் ஆட்டத்தை எளிமையாக்குகிறார்: நான்கு டிஃபென்டர்கள் (தற்காப்பு ஆட்டக்காரர்கள்), நெருக்கமான இரண்டு வரிசை, நீண்ட பந்து. இதனால் உடனே பலன் தெரியும். எதிரணிகள் நான்கைந்து ஆட்டத்தின் வீடியோ பார்த்து விடை கண்டுபிடித்ததும் அந்தப் பலன் கரையும்.

இங்கிலாந்து கிளப் பர்ன்லியின் கதை இதற்குப் பொருத்தம். 2022 ஏப்ரல் 15 அன்று, எட்டு ஆட்டம் மீதமிருக்க, பத்தாண்டு நெருங்கப் பணியாற்றிய ஷான் டைக்கை நீக்கினார்கள். இடைக்காலப் பொறுப்பேற்ற மைக் ஜாக்சன் முதல் நான்கு ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்தார். எல்லோரும் நீக்கியவர்களின் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். கடைசி நான்கு ஆட்டத்தில் கிடைத்தது 1 புள்ளி. பர்ன்லி 35 புள்ளியோடு கடைசி மூன்று அணிகளில் ஒன்றாகக் கீழ்நிலை லீகுக்குத் தரமிறங்கிப் போனது. தப்பித்த லீட்ஸ் எடுத்தது 38.

கேள்வி: அப்படியானால் மேனேஜரால்தான் அணி கெட்டது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சாதாரண ரசிகனால் முடியுமா?

பதில்: முடியும். பந்தைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டத்தில் 70-வது நிமிடத்துக்கு மேல், உங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும் சமயம், பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடியை மட்டும் கவனியுங்கள். எதிரணி பாக்ஸ் அருகே விங்கர், அதாவது ஓரத்தில் தாக்கி ஆடுபவர், பந்தை இழக்கிறார். அந்தக் கணமே திரும்பி நாற்பது மீட்டர் ஓடுகிறாரா, அல்லது இடுப்பில் கைவைத்து நடுவரைப் பார்க்கிறாரா? அவருக்குப் பின்னால் இருக்கும் ஃபுல்-பேக் (ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்) கையை நீட்டிக் கத்துகிறாரா, வாயே திறக்காமல் பின்வாங்குகிறாரா? நான்கு டிஃபென்டர்களில் மூன்று பேர் கோட்டைப் பிடித்து நிற்க, ஒருவர் மட்டும் மூன்று மீட்டர் உள்ளே நழுவி, எதிரணி ஸ்ட்ரைக்கரை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் வரிசையைக் கெடுக்கிறாரா? இதை ஒருவர் செய்தால் அது அந்த ஆட்டக்காரரின் பிரச்சினை. ஆறேழு பேர் செய்தால் பயிற்சி மைதானத்தில் மேனேஜர் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை என்று பொருள்.

இரண்டாவது, விழும் கோல்களின் வகை. கார்னர் கிக்கில் முதல் கோல் போஸ்ட் பக்கம் ஒருவர் தலையால் தட்டிவிட, பின் போஸ்டில் இன்னொருவர் தள்ளிவிடுகிறார். இப்படி ஒரு கோல் விழுந்தால் அது விபத்து. மூன்று வாரத்தில் மூன்று முறை அதே இடத்தில் விழுந்தால் அது பயிற்சிக் குறை. செட் பீஸ், அதாவது கார்னர், ஃப்ரீ கிக் போல நிறுத்திவைத்த பந்திலிருந்து தொடங்கும் ஆட்டம், என்பது மேனேஜரும் அவர் உதவியாளர்களும் முழுக்கக் கட்டுப்படுத்தக்கூடிய பகுதி. அதில் சாக்குக்கு இடமில்லை.

மூன்றாவது, அமைப்பு. ஒரு வாரம் மூன்று டிஃபென்டர், அடுத்த வாரம் நான்கு, அதற்கடுத்த வாரம் நடுக்களத்தில் ஆடும் மிட்ஃபீல்டர் ஒருவர் வலப்பக்கத் தற்காப்பில். காயங்கள் காரணம் என்றால் புரிந்துகொள்ளலாம். எல்லோரும் உடல்நலத்தோடு இருக்கும்போதே இப்படி மாறினால், மேனேஜருக்கே தன் திட்டத்தில் நம்பிக்கை போய்விட்டது என்பதை ஆட்டக்காரர்கள் நமக்கு முன்பே மோப்பம் பிடித்திருப்பார்கள்.

மறுபுறம், சில விஷயங்களை அவர் தலையில் கட்டாதீர்கள். கோல்கீப்பர் தடுத்திருக்க வேண்டிய ஷாட்டுகளை விடுவது, முதன்மை ஸ்ட்ரைக்கர் மூன்று மாதம் காயத்தில் கிடப்பது, கோடையில் கிளப் நல்ல ஆளை விற்றுவிட்டு மாற்று வாங்காதது ஆகியவை வேறு கணக்கு.

கேள்வி: 2016-ல் லெஸ்டர் சிட்டிக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் வாங்கித் தந்த ரானியேரியை ஒன்பது மாதத்தில் விரட்டினார்களே. அது நன்றிகெட்ட செயல் இல்லையா?

பதில்: மனசு ஆமாம் என்றுதான் சொல்கிறது. கால்பந்து வரலாற்றிலேயே ஆகப் பெரிய அதிசயங்களில் ஒன்றை நிகழ்த்தியவர் கிளாடியோ ரானியேரி. அவரை 2017 பிப்ரவரி 23 அன்று, ஸ்பெயினின் செவியாவில், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஆடிய மறுநாளே நீக்கியது, கேட்ட எவருக்கும் வலித்தது.

ஆனால் அன்றைய நிலையைப் பாருங்கள். 25 ஆட்டத்தில் 21 புள்ளி. 17-வது இடம், தரமிறக்க எல்லைக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. கடைசி ஐந்து லீக் ஆட்டமும் தோல்வி. 2017 பிறந்ததிலிருந்து ஆறு லீக் ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நடுக்களத்தின் முதுகெலும்பான கான்டே கோடையிலேயே செல்சீக்குப் போய்விட்டார்; அந்தப் பள்ளத்தை மூட ரானியேரி அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை. நாம் மேலே சொன்ன அடையாளங்களில் பல அங்கே இருந்தன.

பொறுப்பேற்ற உதவி மேனேஜர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் புதுமை எதுவும் செய்யவில்லை. பட்டம் வென்ற ஆண்டின் எளிய 4-4-2-க்கு (நான்கு டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) திரும்பினார்: பின்னால் நெருக்கம், பந்து கிடைத்ததும் ஸ்ட்ரைக்கர் வார்டியின் ஓட்டத்துக்கு முன்னால் பாஸ். முதல் ஐந்து லீக் ஆட்டமும் வெற்றி. சாம்பியன்ஸ் லீகில் செவியாவைத் திரும்ப 2-0 என்று வீழ்த்திக் காலிறுதி வரை போனார்கள். 12-வது இடத்தில் சீசன் முடிந்தது.

ஆகவே முடிவு சரி. அந்த அணி அவரோடு மீண்டிருக்கும் என்று நம்ப அன்று ஆதாரம் இல்லை. கதையின் மீதிப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்த கிளப், நான்கே மாதத்தில், அக்டோபரில் அவரையும் நீக்கியது. ஐந்து வெற்றியைப் பார்த்து மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதியதுதான் பிழை. நெருக்கடியில் அணியைத் தூக்கி நிறுத்துவது ஒரு திறமை, கோடையில் புது அணியைக் கட்டுவது இன்னொரு திறமை. முதலாவதற்கு சீசன் முடியும் வரையிலான ஒப்பந்தமும், தப்பித்தால் ஒரு போனஸும் போதும்.

கேள்வி: ஃபெர்குசனை 1990-ல் நீக்கியிருந்தால் மான்செஸ்டர் யுனைடெட் என்ன ஆகியிருக்கும்? பொறுமைதானே வென்றது?

பதில்: எல்லா மேனேஜர்களையும் காப்பாற்ற இந்த ஓர் உதாரணத்தை இழுக்கிறார்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார். 1989-90-ல் அணி 13-வது இடம். அந்த ஆண்டு எஃப்ஏ கோப்பை கிடைத்தது. முதல் லீக் பட்டம் 1992-93-ல்தான். உண்மை. ஆனால் பொறுமை காட்டப்பட்டும் கிளப்பைக் கீழே கொண்டுபோன மேனேஜர்களின் பெயர் நம் நினைவில் நிற்பதில்லை. மேலும் யுனைடெட் நிர்வாகம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. இளையோர் அணியையும் ஆள்தேடும் அமைப்பையும் அடியிலிருந்து அவர் திருத்திக் கட்டியது கண்முன்னே தெரிந்தது. உங்கள் மேனேஜருக்கும் பொறுமை வேண்டும் என்றால், எதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவரும் காட்ட வேண்டும்.

கேள்வி: நீக்குவது என்று முடிவாகிவிட்டால் எப்போது நீக்குவது நல்லது? சீசன் கடைசியில் நீக்கித் தப்பிய கிளப் இருக்கிறதே.

பதில்: இருக்கிறது. சண்டர்லேண்ட் 2013 மார்ச் 30 அன்று ஏழு ஆட்டம் மீதமிருக்க மார்ட்டின் ஓநீலை நீக்கி, டி கானியோவைக் கொண்டுவந்து, நியூகாஸிலை 3-0 என்று வென்று தப்பியது. ஆனால் அதை நம்பி இறங்கியவர்களில் மூழ்கியவர்கள் அதிகம்.

லீட்ஸ் யுனைடெட், 2023 மே. பிப்ரவரியில் ஜெஸ்ஸி மார்ஷ் போனார். ஹவி கிராசியா வந்தார். அவரையும் நான்கு ஆட்டம் மீதமிருக்க நீக்கி சாம் அலர்டைஸை அழைத்தார்கள். நான்கு ஆட்டத்தில் ஒரு டிரா, மூன்று தோல்வி. வாட்ஃபோர்டு இன்னும் மோசம்: 2020 ஜூலையில் இரண்டே ஆட்டம் மீதம், 17-வது இடம், தரமிறக்க எல்லைக்கு மூன்று புள்ளி மேலே. அந்த நிலையில் நைஜல் பியர்சனை நீக்கினார்கள். அந்த சீசனில் போன மூன்றாவது மேனேஜர் அவர். மீதி இரண்டையும் தோற்று 34 புள்ளியோடு இறங்கினார்கள். ஆஸ்டன் வில்லா 35-ல் தப்பியது.

ஏன் இப்படி ஆகிறது? வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வு, முந்தைய நாள் லேசான பயிற்சி. உருப்படியாக வேலை வாங்க முடிவது வாரத்துக்கு மூன்று நாள்தான். நான்கு ஆட்டம் என்றால் 12 பயிற்சி நாள். எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பிரெஸ்ஸிங் முறையையோ டிஃபென்ஸ் கோட்டையோ மாற்றியமைக்க அது போதாது. குரலை உயர்த்திப் பேச மட்டும் நேரமிருக்கும்.

நல்ல நேரங்கள் மூன்றுதான். ஒன்று சீசன் முடிந்த மறுவாரம். முழு கோடையும் கையில் இருக்கும். இரண்டு, தேசிய அணி ஆட்டங்களுக்காக செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மார்ச்சிலும் வரும் சர்வதேச இடைவேளைகள். இரண்டு வாரம் லீக் ஆட்டமில்லாமல் கிடைக்கும். மூன்று, டிசம்பர் நடுப்பகுதி. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரி டிரான்ஸ்ஃபர் காலம் திறக்கும்போது புதியவர் அணியை அறிந்திருப்பார். எவர்டன் 2023-ல் ஃபிராங்க் லாம்பார்டை நீக்கியது ஜனவரி 23-ல். டிரான்ஸ்ஃபர் கதவு மூட ஒரு வாரம்தான் இருந்தது. ஓர் ஆளையும் வாங்க முடியவில்லை, ஆண்டனி கார்டனை விற்கவும் செய்தார்கள். அடுத்து வந்த ஷான் டைக் முதல் ஆட்டத்தில் ஆர்சனலை 1-0 என்று வென்றார், 18 ஆட்டத்தில் 21 புள்ளி சேர்த்தார். லாம்பார்டின் கீழ் ஆட்டத்துக்கு 0.75 புள்ளியாக இருந்தது 1.17 ஆனது. ஆனாலும் கடைசி நாள் போர்ன்மத்துக்கு எதிராக 57-வது நிமிடத்தில் டூகூரே அடித்த ஒற்றை கோல்தான் கிளப்பைக் காப்பாற்றியது. ஒரு மாதம் முன்பே மாற்றியிருந்தால் அத்தனை பேருடைய நெஞ்சும் அப்படித் துடித்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நீக்கிய நாளிலிருந்து அடுத்த ஆட்டம் வரை கிளப் என்னென்ன செய்ய வேண்டும்? எங்கே தவறு நடக்கிறது?

பதில்: வேலை நீக்கிய நாளில் தொடங்குவதில்லை, அதற்கு முன்பே தொடங்குகிறது. நல்ல கிளப்பில் ஆள்தேர்வைக் கவனிக்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டர் கையில், மேனேஜர் நன்றாக ஆடவைக்கும் காலத்திலேயே மூன்று அல்லது நான்கு மாற்றுப் பெயர்கள் இருக்கும்: அவர்கள் ஆட்ட முறை, தற்போதைய ஒப்பந்தம் எப்போது முடியும், விடுவிப்புத் தொகை எவ்வளவு, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமமான யூஇஎஃப்ஏ புரோ லைசென்ஸ் உண்டா, எத்தனை உதவியாளர்களை அழைத்துவருவார். பெயர் தயாராகும் முன் நீக்குவதுதான் முதல் தவறு, அதுவே மிகப் பெரிய தவறு.

லெஸ்டர் 2023-ஐப் பாருங்கள். ஏப்ரல் 2 அன்று பிரண்டன் ராட்ஜர்ஸ் போனார். அடுத்தவர் தயாராக இல்லை. ஏப்ரல் 4-ல் ஆஸ்டன் வில்லாவோடு, 8-ல் போர்ன்மத்தோடு, இரண்டும் சொந்த மைதானத்தில், இடைக்காலப் பயிற்சியாளர்களை வைத்து ஆடி இரண்டையும் தோற்றார்கள். ஏப்ரல் 10-ல் வந்த டீன் ஸ்மித் எட்டு ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்தார். கிளப் 34 புள்ளியோடு கீழே போனது. எவர்டன் 36-ல் தப்பியது. புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்ததை, பார்ப்பார்கள்: லெஸ்டருடையது மைனஸ் 17, எவர்டனுடையது மைனஸ் 23. ஆளில்லாத அந்த ஆறு நாளில் இரண்டு டிரா எடுத்திருந்தாலே லெஸ்டர் பிரீமியர் லீகில் இருந்திருக்கும்.

இரண்டாவது தவறு, கையிலிருக்கும் ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தாத ஆளைப் பிடிப்பது. கிறிஸ்டல் பேலஸ் 2017-ல் ஃபிராங்க் டி போயரை அழைத்தது. எதிர்த்தாக்குதலுக்கென்று திரட்டப்பட்ட அணியை அவர் பந்தைப் பிடித்து ஆட வைக்கப் பார்த்தார். நான்கு லீக் ஆட்டம், நான்கு தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, நீக்கினார்கள். வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்றைத் தோற்றார், அப்போதும் கோல் இல்லை! ஆனால் அவர் அணிக்குத் தெரிந்த ஆட்டத்தையே திருத்திக் கொடுத்தார். எட்டாவது ஆட்டத்தில் நடப்பு சாம்பியன் செல்சீயை வென்றது பேலஸ். 44 புள்ளியோடு 11-வது இடம். இங்கே குற்றம் டி போயருடையது மட்டுமில்லை, அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுடையதும்தான்.

நடைமுறை வரிசை இது. ஆட்டம் முடிந்த அன்று இரவு முடிவெடுக்காதீர்கள். மறுநாள் காலை எடுங்கள். மேனேஜரை நேரில் அழைத்து, பயிற்சிக்கு ஆட்டக்காரர்கள் வருமுன் சொல்லுங்கள். அவர் மூலமாக அல்லது உங்கள் மூலமாக ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அறிக்கை விடுங்கள். செய்தி கசிந்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு வெளியிலிருந்து வந்தால் புதியவருக்கும் மரியாதை இருக்காது. எந்த உதவியாளர்கள் தொடர்வார்கள் என்பதை அன்றே தீர்த்துவிடுங்கள். கோல்கீப்பர் பயிற்சியாளரையும் உடற்தகுதிப் பிரிவையும் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. காயத்திலிருந்து திரும்புபவர்களின் விவரமெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கும். புதியவர் முதல் வாரத்தில் மூன்று விஷயத்துக்கு மேல் மாற்றக் கூடாது: டிஃபென்ஸ் நிற்கும் உயரம், தற்காப்பு கார்னர், பந்து பறிபோனதும் செய்ய வேண்டியது. பத்து விஷயம் சொன்னால் பத்தும் போகும்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினால் முடிந்தது தானே?

பதில்: முடியாது. ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கான ஊதியம், அல்லது முன்பே பேசிய ஓர் இழப்பீடு. அவரோடு வந்த நான்கைந்து உதவியாளர்களுக்கும் அப்படியே. புதியவர் வேறு கிளப்பில் இருந்தால் அங்கே விடுவிப்புத் தொகை. அவர் கேட்கும் புது ஆட்டக்காரர்கள் வேறு. மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபர் 28 அன்று அவரை நீக்கியது. அவருக்கும் குழுவுக்கும் ஆன செலவு 1.04 கோடி பவுண்டு. அடுத்த மேனேஜராக ரூபன் அமோரிமை விடுவிக்க ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 1.1 கோடி யூரோ. நீக்கியபோது அணி 14-வது இடம். சீசன் முடிவில் 42 புள்ளியோடு 15-வது. மூன்று டிஃபென்டர் முறையில் ஆடுபவரை, நான்கு டிஃபென்டருக்கு வாங்கிய அணியிடம், சீசன் நடுவே கொண்டுவந்த விளைவு அது. ஒப்பந்தம் எழுதும்போதே 'இந்த இடத்துக்குக் கீழே போனால் இழப்பீடு இவ்வளவுதான்' என்று ஒரு வரி சேர்ப்பது பின்னால் பெரும் பணத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: தரமிறங்கினாலும் மேனேஜரை வைத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

பதில்: இல்லை. பணமும் ஆட்களும் போதாத அணியை வைத்துக்கொண்டு நேர்மையாகப் போராடி இறங்கியவர், அடுத்த படியில் திரும்ப ஏற்றுவதற்கு ஏற்றவராகவே இருக்கக்கூடும். பர்ன்லி 2015-ல் டைக்கோடு இறங்கியது. அவரையே வைத்து மறு ஆண்டே இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பை 93 புள்ளியோடு வென்று திரும்பியது. நார்விச்சும் டேனியல் ஃபார்க்கோடு 2020-ல் இறங்கி, 2021-ல் 97 புள்ளியோடு வென்று திரும்பியது. அதே ஃபார்க்கை 2021 நவம்பரில், அந்த சீசனின் முதல் வெற்றி பெற்ற அன்றே நீக்கினார்கள். பிறகும் கடைசி இடம்தான், மொத்தம் 22 புள்ளி.

கேள்வி: என் கிளப்புக்கு 11 ஆட்டம் மீதி. 27 ஆட்டத்தில் 24 புள்ளி, 18-வது இடம். மேலே இருக்கும் அணிக்கு 27. கடைசி பத்து ஆட்டத்தில் உருவாக்கிய எக்ஸ்ஜி 9.8, விட்டுக்கொடுத்தது 17.5. கார்னரில் மட்டும் நான்கு கோல் வாங்கியிருக்கிறோம். பெரிய காயங்கள் இல்லை. மார்ச் இடைவேளைக்கு ஓர் ஆட்டம் இருக்கிறது. நீங்கள் நிர்வாகத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்: மாற்றிவிடுவோம். ஆட்டத்துக்கு 0.77 மைனஸ் என்பது துரதிர்ஷ்டம் இல்லை. அணி உண்மையாகவே மோசமாக ஆடுகிறது. காயங்களையும் காரணம் காட்ட முடியாது. 36 புள்ளியைக் குறிவைத்தால் 11 ஆட்டத்தில் 12 வேண்டும், ஆட்டத்துக்கு 1.09. இப்போதைய வேகம் 0.89. எவர்டன் 2023-ல் ஏறிய அளவைவிட இது சிறிய ஏற்றம்தான்.

ஆனால் இன்று வேண்டாம். இடைவேளைக்கு முந்தைய அந்த ஓர் ஆட்டத்தை இருப்பவரோடே ஆடுங்கள். அதற்குள் அடுத்தவரோடு எல்லாவற்றையும் பேசி முடியுங்கள்: சீசன் முடியும் வரை ஒப்பந்தம், தப்பித்தால் போனஸ், கூட இரண்டு உதவியாளர், அதில் ஒருவர் செட் பீஸில் தேர்ந்தவராக இருக்கட்டும், அந்த நான்கு கார்னர் கோல்கள்தான் உடனே அடைக்கக்கூடிய ஓட்டை. ஆட்டம் முடிந்த மறுநாள் காலை அறிவியுங்கள். தேசிய அணிக்குப் போகாத பதினைந்து பேரையாவது வைத்துப் பத்து நாள் பயிற்சி கிடைக்கும். பேச்சு அதற்குள் முடியவில்லை என்றால், யாரோ ஒருவரை அவசரத்துக்குப் பிடித்துப்போடாதீர்கள். இருப்பவரையே வைத்துக்கொண்டு, கார்னர் தற்காப்புக்கு மட்டும் ஒரு பயிற்சியாளரை அந்த வாரமே சேருங்கள்.